கண்ணீர் அஞ்சலியில் ஒரு மகள்

பதினெட்டுப் பேர் ஒரே சுவரொட்டியைப் பார்த்து வரைந்து வந்தோம். பதினேழு படங்களில் இறந்தவருக்கு ஒரு மகன் இருந்தான். ஒரு படத்தில் மட்டும் ஒரு மகளும் இருந்தாள்.

அது எங்கள் மாலை வகுப்பின் வாராந்தர வேலை. பகலில் நான் மருந்துக் கடையில் பில் போடுகிறேன். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்துத்தான் எனக்கு எழுத்துகளின் மேல் ஆசை வந்தது என்று நினைக்கிறேன். மாலையில் வரைகலைப் பட்டயப் படிப்பு. எங்களுக்கு எழுத்துருவும் பக்க அமைப்பும் நடத்துகிற கிளமென்ட் சார் முன்பு சினிமாவுக்கு டைட்டில் வரைந்தவர். வாரம் ஒரு சுவரைச் சொல்வார். எல்லோரும் தனித்தனியாகப் போய் அங்கே இருக்கிற போஸ்டரைப் பார்க்க வேண்டும். கண் முதலில் எங்கே விழுந்தது, அடுத்து எங்கே நகர்ந்தது, எந்த எழுத்து தடித்தது, எது இளைத்தது என்று கவனித்துக் கையால் வரைந்து வர வேண்டும். போனை வெளியே எடுக்கக் கூடாது. போட்டோ எடுத்தால் போன்தான் பார்க்கும், நீங்கள் பார்க்க மாட்டீர்கள் என்பது அவர் கட்சி.

முன்பெல்லாம் சினிமா போஸ்டர்களைத்தான் கொடுப்பாராம். முகத்தாள் வந்த பிறகு அது முடியாமல் போயிற்று. கம்பெனி அதற்கு வைத்த பெயர் வேறு. மதுரையில் அதை முகத்தாள் என்றுதான் சொல்கிறோம். இரண்டு கதாநாயகர்கள் சேர்ந்து நடித்த ஒரு படத்தில், யார் பெயர் முதலில் வருவது என்று தகராறு முற்றிப் படமே நின்றுபோகும் நிலை வந்தபோது இறக்கிய சரக்கு அது. எதிரே நிற்பவனின் முகத்தைப் பார்த்து, அவன் எந்த நடிகரின் ரசிகனோ அவரை முன்னால் நிறுத்திக் காட்டும். பக்கத்தில் நிற்கும் எதிர்க்கட்சி ரசிகனுக்கு, அதே நேரத்தில், அதே தாளில், அவனுடைய ஆள் முன்னால் நிற்பார். இரண்டு பேரும் திருப்தியாக டிக்கெட் வாங்கப் போவார்கள்.

ஆகவே சார் இந்த முறை ஒரு மரண அறிவிப்பைத் தேர்ந்தெடுத்தார். மதுரையில் எல்லோருக்கும் ஒன்றாகத் தெரிகிற எழுத்து இனி சாவு போஸ்டரில் மட்டும்தான் மிச்சம் என்றார்.

செல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பக்கச் சுவர். நான் பார்த்ததை இப்படிக் குறித்திருந்தேன்: வானநீலப் பின்னணி, வெள்ளை மேகங்கள், இரண்டு ஓரத்திலும் குத்துவிளக்கு. மேலே கறுப்புப் பட்டையில் ‘கண்ணீர் அஞ்சலி’. நடுவில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். ஏதோ விசேஷத்தில் எடுத்த படத்திலிருந்து வெட்டியிருக்கிறார்கள், தோளருகே வேறு யாருடைய பட்டுப்புடவையோ கொஞ்சம் மிச்சம் இருந்தது. கீழே மஞ்சள் எழுத்தில், சிவப்பு விளிம்பு கட்டி, ‘ம. சோலைமலை, ஹார்டுவேர்ஸ் உரிமையாளர்’. தோற்றம், மறைவு, கருமாதி நாள். அதற்கும் கீழே, ‘வருத்தத்துடன்: மனைவி ராக்கம்மாள், மகன் சோ. ராஜாங்கம், மருமகள், பேரன்மார்.’

வகுப்பில் படங்களை வரிசையாகப் பலகையில் குத்திவைத்தோம். சார் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து செண்பகம் அக்காவின் படத்தின் முன்னால் நின்றார். செண்பகம் அக்கா வகுப்பில் என் பக்கத்து இருக்கை, முப்பதைத் தாண்டியவர். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற வேலை. அவர் கோடு எப்போதும் சுத்தமாக இருக்கும். அன்றைக்கு ‘மகன் சோ. ராஜாங்கம்’ என்ற வரிக்குக் கீழே, அதே அளவில், ‘மகள் சோ. செண்பகம்’ என்று இன்னொரு வரி வரைந்திருந்தார்.

இல்லாததைச் சேர்த்து வரைவது இந்தத் தொழிலில் பெரிய தப்பு என்று சார் ஆரம்பித்தார். அவர் முடிக்கும்வரை அக்கா காத்திருந்தார்.

“இருக்கு சார். அது என் பேருதான்” என்றார். “அவரு எங்கப்பா.”

 பிறகு நடந்ததைத்தான் நான் பலமுறை யோசித்துவிட்டேன். பின்வரிசையில் ஒருவன், அந்த வரி இருந்தது, தாளில் இடம் பத்தாமல் தான்தான் விட்டுவிட்டதாகச் சொன்னான். இன்னொருத்தி தானும் பார்த்ததாகவும் சாதாரணப் பெயர் என்று கவனிக்கவில்லை என்றும் சொன்னாள். ஒவ்வொருவராக எழுந்து போய், பென்சிலால் தங்கள் படத்தில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு வந்தார்கள். சார்கூட, தன் கண்ணாடியை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார். அப்பாவை இழந்தவளிடம் உன் பெயர் அங்கே இல்லை என்று யார் சொல்வார்கள்? நான் எழுந்து போகவில்லை. என் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. எனக்கு எதிலும் முதலில் அப்படித்தான் தோன்றும்.

வண்டி நிறுத்துமிடத்தில் அக்கா மிச்சத்தைச் சொன்னார். ஜோயலைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டை விட்டு வந்து பதினோரு வருஷம். தனக்கு ஒரே பிள்ளைதான் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் இவர். அப்பா செத்துப்போன சேதியை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வீட்டுப்பாடம் செய்யப் போன இடத்தில் சுவரில் அப்பா இருந்தார்.

“வரைஞ்சுக்கிட்டே இருந்தேன் பெனிட்டா. கை நின்னா அங்கயே உக்காந்து அழுதிருவேன்னு பயம். மேகம், வெளக்கு, தேதின்னு ஒண்ணொண்ணா வரைஞ்சு கீழ வந்தா, என் பேரு.” அவர் முகம் அழுவதுபோலவும் இல்லை, சிரிப்பதுபோலவும் இல்லை. “கருமாதிக்குப் போறேன். பேரு போட்டுக் கூப்பிட்டிருக்காங்கள்ல.”

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் செல்லூருக்குப் போனேன். என் படத்தைச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்து வரிவரியாகச் சரிபார்த்தேன். மகள் இல்லை. ஒருவேளை என் கண்தான் அந்த வரியைத் தாண்டுகிறதோ என்று, பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டு வாசிக்கச் சொன்னேன். நான் பார்த்ததையே வாசித்தார். அப்படியென்றால் அக்காதான் இல்லாததைப் பார்த்திருக்கிறார். துக்கத்தில் அப்படி நடக்கும் என்று முடிவு செய்து கிளம்ப இருந்தேன்.

அப்போது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து சுவருக்கு முன்னால் கைகூப்பி நின்றார். தாளில் எதுவும் மாறியதாக எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் ஒரு சோதனையை மூன்று பேரிடமாவது செய்துபார்க்காமல் எனக்கு மனம் ஒப்பாது. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லி அவரையும் வாசிக்கச் சொன்னேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். மனைவி ராக்கம்மாளுக்கு அடுத்ததாக, ‘தம்பி ம. பிச்சைமணி’ என்றார்.

“நான்தான் அது. அண்ணன் போனாலும் ராஜாங்கம் மரியாதை தெரிஞ்ச பய. எம்புட்டுப் பெருசாப் போட்டிருக்கான் பாத்தீகளா.”

நான் அந்த வரியின் முதல் எழுத்தில் விரலை வைத்து, இது என்ன எழுத்து என்று கேட்டேன். ‘த’ என்றார். என் விரலுக்கடியில் இருந்தது ‘ம’, மகனுக்கு உரிய ‘ம’. அடுத்த எழுத்தையும் கேட்டேன். அதற்கடுத்ததையும் கேட்டேன். எதுவும் ஒத்துப்போகவில்லை. இவ்வளவு பெரிய பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாதா என்று பரிதாபப்பட்டுவிட்டு அவர் வண்டியை எடுத்தார்.

தாளின் மூலையில் அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. இத்ரீஸ் என்பவர் தனியாளாக நடத்துகிற கடை. நான் மாணவி என்று தெரிந்ததும் உட்காரவைத்து டீ சொன்னார். சாவு போஸ்டருக்கும் முகத்தாளா என்று கேட்டதற்கு, சாவுக்குத்தான் அது முக்கியமாக வேண்டும் என்றார்.

“கல்யாணத்துல பேரு வரிசை பிசகுனா கோவிச்சுக்கிட்டுச் சாப்பிடாமப் போவாய்ங்க. அம்புட்டுத்தான். சாவுல பிசகுனா தூக்கவே விடமாட்டாய்ங்க. பெரியப்பன் பேரு சின்னதா இருக்கு, மாமன் பேரு கடைசியில கெடக்குன்னு ரெண்டு தடவ என் கடைக் கண்ணாடியை ஒடச்சிருக்காய்ங்கம்மா. இது வந்ததுலருந்து ஒரு சத்தம் கெடையாது.”

எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். ஒரு துண்டுத் தாளை எடுத்து என் விரலால் தடவச் சொன்னார், சொரசொரவென்று இருந்தது. அவ்வளவும் பொடி லென்சு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசைக்கு வேறு வேறு ஒளியை அனுப்பும் என்றார். மேலே ஊசித்துளை அளவுக்குக் கேமரா. குடும்பத்தாரிடம் வீட்டில் உள்ள ஆல்பம், விசேஷ வீடியோ எல்லாவற்றையும் வாங்கி உள்ளே போட்டுவிடுகிறார்.

“யாரு யாரு பக்கத்துல எத்தனை தடவ நின்னாங்கன்னு அது எண்ணிக்கிரும். வீடியோவுல பேரு ஓடும்ல, அதையும் படிச்சுக்கிரும். அதுக்கு அதுதான் சொந்தம். எதிர்க்க வந்து நிக்கிறவுக அந்தக் கூட்டத்துல ஒருத்தரா இருந்தா, அவுக பேரும் அவுகளுக்கு நெருக்கமானவுக பேரும் முன்னாடி வரும். உங்கள மாதிரி வெளியாளு நின்னா, ஆர்டர் குடுத்தவரு சொன்ன பேரு மட்டும் வரும்.”

சோலைமலை வீட்டிலிருந்து வந்த வீடியோக்களில் மகள் உண்டா என்று தேடச் சொன்னேன். இருந்தார். ஏதோ ஒரு காதுகுத்து. பாவாடை தாவணியில், யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு. சுவரில் மாட்டியிருந்த படங்களைக் கழற்றியிருப்பார்கள், பழைய வீடியோவுக்குள் யார் போய்ப் பார்த்தார்கள் என்றார் இத்ரீஸ். வேண்டாதவர்களை நீக்கச் சொன்னால் நீக்கிவிடுவாராம். இந்த வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

“ஊருக்குச் சொல்றதுக்குத்தானண்ணே போஸ்டரு. எல்லாரும் ஒண்ணையே பாக்க வேணாமா?” என்று கேட்டேன்.

அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். “ஒவ்வொருத்தரா வந்து நின்னு பாத்துட்டுப் போறாகம்மா. எல்லாரும்னு ஒரு ஆளு வந்து நின்னு நான் பாத்ததே இல்ல.”

அந்தப் பதில் சரியா தவறா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் செண்பகம் அக்காவின் விஷயம் தெளிவாகிவிட்டது. யாரும் அவர் பெயரை எழுதவில்லை. அது அவருக்கு மட்டும் தெரிகிற வரி. அதை நம்பி அவர் கருமாதி வீட்டுக்குள் நுழைந்தால், அத்தனை சொந்தக்காரர்களின் முன்னால் அண்ணன் பிடித்து வெளியே தள்ளலாம். சொன்னால் அவருக்கு இருக்கிற ஒரே அழைப்பும் போய்விடும். பதினாறு பேர் எவ்வளவு சுலபமாக அந்த வரியைச் சேர்த்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் அவர் வேலை செய்யும் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

திரையில் யாருடைய கல்யாணமோ பாதியில் நின்றது. மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்தில் இருந்தது. அக்கா அதைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். ஏன் வகுப்பிலேயே சொல்லவில்லை என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

“அப்ப எங்கம்மா வந்து நின்னா அவங்க கண்ணுக்கு என்ன தெரியும்?”

எனக்குத் தெரியவில்லை. இருவருமாக இத்ரீஸிடம் போனோம். வீட்டு வாசலிலும் ஒரு தாள் ஒட்டியிருப்பதாகவும், ஆல்பத்தில் உள்ள எந்த முகத்தின் கண்ணுக்கு என்ன தெரியும் என்பதைக் கடைத் திரையில் பார்க்க முடியும் என்றும் சொன்னார். அம்மாவின் முகத்தைத் தேர்ந்தெடுத்தார். மேகங்கள் அப்படியே இருந்தன, விளக்குகள் அப்படியே இருந்தன. பெயர்கள் மட்டும் கலைந்து வேறு வரிசையில் உட்கார்ந்தன. முதல் வரி, ‘மகள் சோ. செண்பகம்’. மகனின் பெயர் அதற்குக் கீழே, அதைவிடச் சிறியதாக.

“பூரா வீடியோலயும் ஒங்கம்மா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறீங்க” என்றார் இத்ரீஸ். அண்ணன் பார்ப்பதையும் காட்டவா என்று கேட்டார்.

“அது வேணாம்” என்றார் அக்கா. “தெரிஞ்சுக்கிட்டா நான் போக மாட்டேன்.”

ஜோயல் கூட வருகிறேன் என்றபோது மறுத்துவிட்டார். என்னைக் கூப்பிட்டார். வெளியாள் ஒருத்தி பக்கத்தில் இருந்தால் அண்ணன் கையை ஓங்க யோசிப்பான் என்றார். எங்கள் வீட்டில் இறந்தவருக்கு ஏழாம் நாள் ஜெபம்தான் வைப்போம். கருமாதி எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்க்கிற ஆவலும் கொஞ்சம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

தெருவை அடைத்துச் சாமியானா போட்டிருந்தார்கள். வாசல் தூணில் வானநீலத் தாள் மினுங்கியது. அதனருகே, மொட்டையடித்த தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றவர்தான் ராஜாங்கம். அக்காவின் மூக்கும் நெற்றியும் அவரிடம் அப்படியே இருந்தன. அக்காவைப் பார்த்ததும் அவர் துண்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார். பேசியது நான் சுவரருகே சந்தித்த பிச்சைமணி. அவர் அக்காவைப் பார்க்காமல் பந்தல் கம்பத்தைப் பார்த்து, இவளை யார் இங்கே கூப்பிட்டது என்று கேட்டார். நாற்காலிகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின.

உள்ளேயிருந்து ராக்கம்மாள் வந்தார். சின்ன உருவம். நிலையைப் பிடித்துக்கொண்டு மகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மகனைக் காட்டிப் பிச்சைமணியிடம் சொன்னார்:

“இவன்தான் கூப்பிட்டான். வாசல்லயே பேரு எழுதி வச்சுட்டு, யாரு கூப்பிட்டாங்குறீக?” தூணருகே போய்த் தாளின் மேல் உள்ளங்கையை வைத்தார். அவர் கைக்கடியில் எனக்குத் தெரிந்தது அவருடைய சொந்தப் பெயர்தான். “எம்புள்ள மனசு மாறிட்டான்னுதான் இத்தனை நாளும் சோறு திங்கிறேன்.”

ராஜாங்கம் தலைத்துண்டை எடுத்தார். “நானா? நீ போட்டதுல்ல அது?”

அம்மா புரியாமல் பார்த்தார்.

“கடைக்காரன்ட்ட நீ ரகசியமாச் சொல்லிப் போட்டன்னு நெனச்சேன்” என்றார் ராஜாங்கம். “என் பேருக்கு நேர் கீழ. மொத நாளு கிழிக்கத்தான் போனேன். அதுக்குள்ள ஊரே பாத்திருக்கும், கிழிச்சா அது இன்னும் அசிங்கம்னு விட்டுட்டேன். பஜார்ல எவனாச்சும் ஒரு வார்த்தை கேப்பான்னு தலையக் குனிஞ்சுக்கிட்டே போனேன். ஒருத்தனும் கேக்கல. எல்லாம் எப்பவும் போலத்தான் பேசுறாய்ங்க. சரி, ஊருக்கே சம்மதம்னா நமக்கென்னன்னு இருந்துட்டேன்.”

செண்பகம் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். அண்ணனுக்கும் தெரிந்திருக்கிறது. யாரும் எழுதாத ஒரு பெயரை அந்த வீட்டில் மூன்று பேரும் படித்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மற்றவர் எழுதியதாக நினைத்து, அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

பிச்சைமணி எழுந்து வந்து தாளைப் பார்த்தார். எந்தப் பெயர், எங்கே இருக்கிறது, இங்கே என் பெயரல்லவா இருக்கிறது என்றார். இன்னொருவர் வந்து தன் பெயரை வாசித்தார். ஒரு மாமன், மைத்துனன், கல்லுப்பட்டியிலிருந்து வந்த ஒரு கூட்டம் என்று தூணைச் சுற்றி ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் விரலை வைத்து ஒவ்வொன்றைச் சத்தமாக வாசித்தார்கள். ஒரே இடத்தில் ஆறேழு விரல்கள்.

ராஜாங்கம் என்னைப் பார்த்தார். “நீங்க எங்க ஆளு இல்ல. நீங்க படிங்கம்மா. என்ன இருக்கு?”

அக்காவின் பிடி இறுகியது. அந்த வரியைச் சேர்த்து வாசிப்பது எனக்கு எவ்வளவு சுலபம் என்று தெரிந்தது. அம்மாவின் கை இன்னும் தாளின் மேல்தான் இருந்தது. ஆனால் அவர் கேட்டது என்ன இருக்கிறது என்று. நான் வாசித்தேன். மனைவி ராக்கம்மாள். மகன் சோ. ராஜாங்கம். மருமகள். பேரன்மார்.

“அம்புட்டுத்தானா?”

“அவ்வளவுதான். வெளியாளுக்கு நீங்க சொன்ன பேருதான் தெரியும்.” இத்ரீஸ் சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொன்னேன். லென்சு, கேமரா, காதுகுத்து வீடியோ. நடுவில் இரண்டு முறை தடுமாறினேன்.

“அப்ப பஜார்ல எவனும் பாக்கவே இல்லையா” என்று ராஜாங்கம் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் தெளிந்தவர் பிச்சைமணிதான். அப்படியென்றால் எதுவும் கெட்டுப்போகவில்லை என்றார். ஊர் பார்க்கவில்லை. இயந்திரம் செய்த கோளாறு. வந்த பெண்ணுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டுப் படையலைக் கவனிப்போம் என்றார். அவர் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. சாமியானாவுக்குள் பல தலைகள் அசைந்தன. அம்மா கையைத் தாளிலிருந்து எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். ராஜாங்கத்தைப் பார்த்தார்.

ராஜாங்கம் வெகுநேரம் தரையைப் பார்த்தபடி இருந்தார். அந்த நேரத்தில் அவர் எதை எண்ணிப்பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. ஊர் ஒன்றும் சொல்லாது என்று நம்பி அவர் கடைத்தெருவில் நடந்த நாட்களையாக இருக்கலாம்.

“நீங்க இந்த எழுத்து வேலைதான படிக்கிறீங்க?” என்று என்னிடம் கேட்டார். தலையாட்டினேன். “முப்பதாம் நாளைக்கு ஒரு போஸ்டர் அடிக்கணும். காகிதத்துல. யாரு பாத்தாலும் ஒண்ணுதான் தெரியணும். எழுதிக்கங்க.”

போனை எடுத்துத் தட்டச்சு செய்யத் தயாரானேன்.

“மனைவி ராக்கம்மாள். மகன் ராஜாங்கம்.” நிறுத்தினார். யாருடைய முகத்தையும் பார்க்காமல், “மகள் செண்பகம்” என்றார்.

 பிச்சைமணியின் முகம் சிவந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து போனுக்குள் எட்டிப் பார்த்தார். வெடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“தம்பி நான் எங்க?” என்றார்.

“அடுத்து வரும் சித்தப்பா.”

“அடுத்துன்னா? மகளுக்குக் கீழயா? கூடப் பொறந்தவன் நான், கட்டிக் குடுத்த பிள்ளைக்குக் கீழயா வருவேன்?”

அப்படியென்றால் மாமன் எங்கே என்று மைத்துனன் கேட்டார். கல்லுப்பட்டிக்காரர்கள் தங்களுடையது மூத்த வகையறா என்று நினைவூட்டினார்கள். இத்ரீஸின் கடையில் கண்ணாடி ஏன் உடைந்தது என்பது அப்போது எனக்கு நன்றாகப் புரிந்தது. இருந்தும் எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. மகளுக்கு மேலா கீழா என்று அத்தனை பேரும் அடித்துக்கொண்டார்கள். மகள் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

செண்பகம் அக்கா என் கையை விட்டுவிட்டு ஓர் அடி முன்னால் வைத்தார். “சித்தப்பா பேரு மேல இருக்கட்டும்ணே. எனக்கு எங்க போட்டாலும் சரிதான்.”

பிச்சைமணி சட்டென்று திரும்பி, அவரை முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தார்.

“நீ சும்மா இருடி. பெரியவங்க பேசுறப்ப குறுக்க வாயத் தொறக்குற புத்தி இன்னும் போகலையா ஒனக்கு?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நான் பக்கத்தில் நின்றதால் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சண்டையைச் சுற்றிக்கொண்டு, அம்மா நின்றிருந்த நிலையைத் தாண்டி உள்ளே போனார்.

நான் வெளியே நின்று பெயர்களை மேலே ஏற்றிக்கொண்டும் கீழே இறக்கிக்கொண்டும் இருந்தேன். எழுத்தின் அளவு பற்றி யார் கேட்டாலும் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லச் சொன்னார் ராஜாங்கம். யாரும் நம்பவில்லை, போனை வாங்கி விரலால் அளந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பந்தி தொடங்கியபோது, அக்கா இலைக்கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தார். ஓர் இலையைத் திருப்பிப் போட்டுவிட்டார் என்று யாரோ ஓர் அத்தை திட்டிக்கொண்டிருந்தார்.